ஆஸ்காட் 1996: ஏழாவது ரேஸுல 12/1 குதிரை 2/1 ஆன கதை

1996 செப்டம்பர் 28, சனிக்கிழமை, இங்கிலாந்துல ஆஸ்காட் ரேஸ்கோர்ஸ். ஃப்ராங்கி டெட்டோரின்னு ஒரு இத்தாலிக்கார ஜாக்கி, அன்னிக்கு கார்டுல இருந்த ஏழு ரேஸையும் ஜெயிச்சாரு. கொஞ்சம் ரேஸ் ஃபாலோ பண்றவங்களுக்கு இது தெரிஞ்ச கதைதான். ஆனா சொல்றவங்க எல்லாரும் ஜாக்கிய புகழ்ந்துட்டு அதோட முடிச்சிடுறாங்க. எனக்கு இதுல பிடிச்ச பகுதி வேற, கடைசி ரேஸுக்கு முன்னாடி பெட்டிங் ரிங்குல, அதாவது பெட்டு வாங்குற புக்கிங்க வரிசையா நிக்கிற இடத்துல, என்ன நடந்துச்சுங்கறதுதான். 12/1னா ஒரு பவுண்டு போட்டு குதிரை ஜெயிச்சா 12 பவுண்டு லாபம், போட்ட பவுண்டும் திரும்ப வரும்; 2/1னா லாபம் 2தான். காலைல 12/1 விலை போயிட்டிருந்த குதிரை சாயங்காலம் 2/1ல ஃபேவரிட்டா, அதாவது எல்லாத்தையும் விட கம்மி விலைல, ஸ்டால்ஸ்ல (ரேஸ் கிளம்புற கூண்டுல) போய் நிக்குது. நடுவுல குதிரைக்கு ஒண்ணும் ஆகல, அது பாட்டுக்கு புல்லு தின்னுட்டு இருந்துச்சு. அப்ப அந்த விலைய எறக்குனது யாரு, எதுக்கு எறக்குனாங்க, அதுல யாரு தப்பிச்சா யாரு மாட்டுனா, அதான் இங்க பாக்க போறோம்.

முதல்ல இடம். ஆஸ்காட் 1711ல ராணி ஆன் ஆரம்பிச்சு வச்சது, வின்ட்சர் கோட்டையில இருந்து ஆறு மைல் சொச்சம். இன்னிக்கும் ஜூன் மாசம் ராயல் ஆஸ்காட்டுக்கு அரச குடும்பம் குதிரை வண்டியில ஊர்வலமா வந்து எறங்கும், ராயல் என்க்ளோஷருக்குள்ள தொப்பி இல்லாம போக முடியாது, அவ்ளோ பந்தா. நம்ம கேஸ் நடந்தது ராயல் ஆஸ்காட்ல இல்ல, செப்டம்பர் மீட்டிங்ல, ஆனா அதுவும் சின்ன நாள் கெடையாது, குயின் எலிசபெத் தி செகண்ட் ஸ்டேக்ஸ் ஓடுற நாள், பிபிசில லைவ். சனிக்கிழமை, டிவி, பெரிய மீட்டிங்னு மூணும் ஒண்ணா சேர்ந்தா என்ன ஆகும்னா, வருஷம் முழுக்க குதிரை பக்கமே திரும்பாத ஆளுங்ககூட பக்கத்து பெட்டிங் ஷாப்புக்கு போய் ஒண்ணு ரெண்டு பவுண்டு போட்டுட்டு வருவாங்க. 1961ல இருந்து அங்க பெட்டிங் ஷாப் சட்டப்படி தெருவுக்கு தெரு உண்டு.

இந்த மாதிரி ஆளுங்க ஃபார்ம், அதாவது குதிரையோட பழைய ஓட்டக் கணக்கு எல்லாம் படிக்க மாட்டாங்க, பேர் பாத்து போடுவாங்க. அன்னிக்கு எல்லார் வாயிலயும் இருந்த பேரு டெட்டோரி. 25 வயசு, 1994லயும் 1995லயும் சாம்பியன் ஜாக்கி, சிரிச்ச முகம், ஜெயிச்சா குதிரை மேல இருந்து ஒரு குதி குதிச்சு எறங்குவாரு, அதுக்குன்னே கூட்டம் நிக்கும். துபாய் ஷேக் முகமதுவோட கோடால்ஃபின் லாயத்து குதிரைங்க அவர் கையில. அதனால குதிரை பேர்கூட பாக்காம "டெட்டோரி ஓட்டுற ஏழையும் போடு"ன்னு அக்குமுலேட்டர் போட்டவங்க நாடு முழுக்க எக்கச்சக்கம்.

அக்குமுலேட்டர்னா தெரியாதவங்களுக்கு: முதல் குதிரை ஜெயிச்சா வர்ற காசு மொத்தமும் அப்படியே ரெண்டாவது குதிரை மேல போகும், அதுவும் ஜெயிச்சா மூணாவது மேல, எங்கயாவது ஒண்ணு தோத்தா எல்லாம் போச்சு. புக்கிகளுக்கு ரொம்ப பிடிச்ச பெட்டு இது, ஏன்னா வழக்கமா எங்கயாவது ஒண்ணு தோத்துடும்.

இன்னொரு வார்த்தையும் தெரிஞ்சிருக்கணும், எஸ்பி, அதாவது ஸ்டார்ட்டிங் பிரைஸ். ஷாப்ல ஸ்லிப் எழுதும்போது "இந்த விலைக்கு குடு"ன்னு கேட்டு வாங்கலன்னா உங்க பெட்டு எஸ்பில செட்டில் ஆகும். அந்த காலத்துல எஸ்பி எப்படி முடிவாகும்னா, ரேஸ்கோர்ஸ்ல போர்டு வச்சு நிக்கிற புக்கிங்க ரேஸ் கிளம்புற நேரத்துல என்ன விலை காட்டுறாங்களோ அத பாத்து முடிவு பண்ணுவாங்க. நாடு முழுக்க ஆயிரக்கணக்கான ஷாப்ல விழுந்த பணத்துக்கு விலை நிர்ணயிக்கிறது ஆஸ்காட் புல்தரையில ஸ்டூல் போட்டு நின்ன சில டஜன் ஆளுங்க. கதையோட சாவி இதுதான், நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க.

ஒரு பவுண்டு எப்படி வளந்துச்சு

டெட்டோரி குதிரைங்க மேல எஸ்பில ஒரு பவுண்டு அக்குமுலேட்டர் போட்டதா வச்சுக்குவோம்.

முதல் ரேஸ் வால் ஸ்ட்ரீட், 2/1. பவுண்டு 3 ஆச்சு. ரெண்டாவது டிஃபிடென்ட், 12/1, யாரும் பெருசா எதிர்பாக்காத குதிரை, நூலிழைல ஜெயிச்சது, 3 பவுண்டு 39 ஆச்சு. மூணாவதுதான் அன்னிக்கு மெயின் ரேஸ், அந்த குயின் எலிசபெத் ஸ்டேக்ஸ்; அதுல மார்க் ஆஃப் எஸ்டீம், 100/30. அந்த வருஷ டூ தவுசண்ட் கினீஸ்ங்கற பெரிய ரேஸ ஜெயிச்ச குதிரை, எதிர்ல அதே வருஷ ஒன் தவுசண்ட் கினீஸ் ஜெயிச்ச போஸ்ரா ஷாம். கடைசி நேரத்துல டெட்டோரி தட்டி விட்டதும் இது பறந்த வேகம் இருக்கே, அன்னிக்கு நடந்த ஏழுல உண்மையான கிளாஸ்னா அந்த ஓட்டம்தான், மத்த ஆறையும் மறந்தாலும் அத மறக்க கூடாது. கையில 169 பவுண்டு.

இதுவரைக்கும் புக்கிங்க யாரும் பயப்படல. ஒரு நல்ல ஜாக்கி ஒரு நாள்ல மூணு ஜெயிக்கிறது சகஜம். நாலாவது ஒரு பெரிய ஹேண்டிகேப் (நல்ல குதிரைக்கு கூடுதல் எடை ஏத்தி போட்டிய சமமாக்குற ரேஸ்), டெக்கரேட்டட் ஹீரோ 7/1. ஜெயிச்சது. 1,352. இங்கதான் பெட்டிங் ஷாப் நடத்துற பெரிய கம்பெனிங்க ஹெட் ஆபீஸ்ல போன் அடிக்க ஆரம்பிச்சிருக்கும். அஞ்சாவது ஃபேட்ஃபுல்லி 7/4, கையில 3,718. ஆறாவது லாக்ஏஞ்சல் 5/4, கையில 8,365 பவுண்டு 50 பென்ஸ்.

ஆக ஆறு ரேஸ் முடிஞ்சப்ப, காலைல ஒரு பவுண்டு போட்ட ஒவ்வொருத்தனுக்கும் ஏழாவது குதிரை மேல எட்டாயிரத்து சொச்சம் பவுண்டு உக்காந்திருக்கு. அவன் கூடுதலா ஒரு காசு போடல, தானா போய் உக்காந்த பணம். இந்த மாதிரி ஸ்லிப்பு நாடு முழுக்க எத்தனைன்னு யோசிச்சு பாருங்க. சாதாரண நாள்ல புக்கிக்கு பாதுகாப்பே என்னன்னா ஆளாளுக்கு வேற வேற குதிரை போடுவாங்க, தோத்தவன் காச எடுத்து ஜெயிச்சவனுக்கு குடுத்துட்டு நடுவுல தன் கமிஷன் மாதிரி கொஞ்சம் எடுத்துக்கலாம். அன்னிக்கு அப்படி பிரியவே இல்ல. ஊர் பூரா ஒரே ஆள் பேர் மேல, எல்லா ஸ்லிப்பும் ஒரே நேரத்துல ஜெயிக்கும் இல்ல ஒரே நேரத்துல தோக்கும். ஆயிரம் கஸ்டமர் இருக்காங்கன்னு நெனச்சா, ரிஸ்க் கணக்குல பாத்தா ஒரே ஒரு ராட்சச கஸ்டமர்தான்.

ஏழாவது ரேஸுக்கு முன்னாடி

ஏழாவது கார்டன் கார்ட்டர் ஹேண்டிகேப், ரெண்டு மைல். டெட்டோரி குதிரை பேரு ஃபுஜியாமா க்ரெஸ்ட், டிரெய்னர் மைக்கேல் ஸ்டவுட். போன வருஷம் இதே ரேஸ ஜெயிச்ச குதிரை, ஆனா இந்த தடவை டாப் வெயிட், அதாவது எல்லாத்தையும் விட அதிகமா 9 ஸ்டோன் 10 பவுண்டு (62 கிலோ கிட்ட) எடை தூக்கிட்டு ஓடணும். அதனாலதான் காலைல 12/1.

இப்ப ஒரு பெரிய கம்பெனி இடத்துல இருந்து யோசிங்க. ஒரு கணக்குக்கு, உங்க ஷாப்புல இருந்து ஏழாவது குதிரை மேல எஸ்பில உருண்டு வந்திருக்கிற பணம் 10 லட்சம் பவுண்டுன்னு வச்சுக்குவோம். எஸ்பி 12/1 ஆ இருந்து குதிரை ஜெயிச்சா நீங்க குடுக்க வேண்டியது 1 கோடியே 30 லட்சம். எஸ்பி 2/1 ஆ இருந்தா வெறும் 30 லட்சம். வித்தியாசம் ஒரு முழு கோடி. எஸ்பிய முடிவு பண்றது யாரு? ஆஸ்காட்ல நிக்கிற புக்கிங்க. அவங்க விலைய எறக்கணும்னா என்ன பண்ணணும்? அவங்ககிட்ட அந்த குதிரை மேல காச கொட்டணும். அப்ப ஒரு ரெண்டு லட்சம் பவுண்ட ஆள் மூலமா ரிங்குல இறக்குறீங்க, சராசரியா 4/1 கெடைக்குதுன்னு வைங்க. குதிரை ஜெயிச்சா அதுல 8 லட்சம் லாபம், அதுக்கு மேல எஸ்பி எறங்குனதுல மிச்சமாகுறது ஒரு கோடி. குதிரை தோத்தா ரெண்டு லட்சம் போச்சு, ஆனா தோத்தாதான் உருண்டு வந்த அக்குமுலேட்டர் எல்லாம் செத்துடுமே, அந்த சந்தோஷத்துல ரெண்டு லட்சம் ஒரு விஷயமே இல்ல.

அதாவது அந்த பணத்துக்கு குதிரையோட திறமை ஒரு பொருட்டே கெடையாது. 4/1, 3/1, 2/1னு மட்டமான விலைக்கு பெட்டு போடறோம்னு தெரிஞ்சேதான் போடறாங்க, விலை மட்டமாகணுங்கறதுதான் நோக்கமே. லட்ப்ரோக்ஸ், வில்லியம் ஹில், கோரல் மாதிரி கம்பெனிங்களுக்கு அப்ப ரேஸ்கோர்ஸ்ல ஆளுங்க இருந்ததே இதுக்காகத்தான், அன்னிக்கு புதுசா கண்டுபிடிச்ச தந்திரம் ஒண்ணும் இல்ல. சட்டப்படி தப்பும் கெடையாது. ஆனா ஷாப்ல எஸ்பிக்கு போட்ட ஆளோட பக்கம் இருந்து பாத்தா கொஞ்சம் கசக்கத்தான் செய்யும், அவனோட 8,365 பவுண்டு 12/1ல 1,08,751 ஆகியிருக்கணும், 2/1ல 25,096 பவுண்டு 50 பென்ஸ்ல நின்னு போச்சு. முக்கால்வாசிக்கு மேல போச்சு, அவன் கண்ணுக்கு முன்னாடி டிவிலயே, அவன்கிட்ட வாங்குன கம்பெனியே செஞ்சது. ஒரு பவுண்டுக்கு இருபத்தஞ்சாயிரம் வந்தா எவன் உக்காந்து கணக்கு கேப்பான், கேக்கல.

கேரி வில்ட்ஷர்

இந்த பணம் எல்லாம் ரிங்குல யார்கிட்டயாவது போய் சேரணும் இல்ல? பாதி புக்கிங்க விஷயம் புரிஞ்சு விலைய சரசரன்னு எறக்கிட்டு ஒதுங்கிட்டாங்க. ஒதுங்காம நின்னவர்ல பேர் போனவர் கேரி வில்ட்ஷர். இவர் அன்னிக்கு ஆஸ்காட்டுக்கே வர்றதா இல்ல, வூஸ்டர் ரேஸுக்கு கிளம்புனவர், ரோட்ல டிராஃபிக்ல மாட்டி வண்டிய திருப்பிக்கிட்டு இங்க வந்தவர்.

அவர் யோசிச்சது தப்பே இல்லன்னுதான் நான் சொல்லுவேன். காலைல 12/1 இருந்த குதிரை, டாப் வெயிட், முன்னாடி ஆறு ரேஸ் யார் ஜெயிச்சான்னு இந்த குதிரைக்கு தெரியாது, அது மேல 2/1க்கு பணம் போட ஆள் வரிசைல நிக்கிறான்னா எந்த புக்கியா இருந்தாலும் வாய்ல எச்சில் ஊறும். கணக்கும் அதான் சொல்லுது. உண்மையான வாய்ப்பு 13ல ஒண்ணுன்னு எடுத்துக்கிட்டா, 2/1ல வாங்குற ஒவ்வொரு 100 பவுண்டுக்கும் சராசரி லாபம் 77 பவுண்டு கிட்ட. வாழ்க்கைல ஒரு தடவை வர்ற சான்ஸ். அதனால வாங்குனாரு, இன்னும் வாங்குனாரு, கம்பெனி ஆளுங்க குடுக்க குடுக்க வாங்கிக்கிட்டே இருந்தாரு.

சிக்கல் எவ்ளோ வாங்குறதுங்கறதுல. 1956ல ஜான் கெல்லின்னு பெல் லேப்ஸ் ஆராய்ச்சியாளர் ஒருத்தர் ஒரு ஃபார்முலா குடுத்தாரு, கையில இருக்கிறதுல எத்தனை பங்கு ஒரு பெட்டுல ரிஸ்க் எடுக்கலாம்னு. அத இங்க போட்டு பாத்தா வேடிக்கையா இருக்கு. உண்மையான விலை 12/1னா 2/1ல பெட்டு வாங்குற புக்கி தன் மொத்த முதல்ல 77 சதவீதம் வரைக்கும் ரிஸ்க் எடுக்கலாம்னு வருது. உண்மையான விலை 5/1னா 50 சதவீதம்தான். 3/1னா 25 சதவீதம். ஆக உங்க மதிப்பீடு கொஞ்சம் ஆடுனாலே எடுக்க வேண்டிய அளவு பாதியாகி காலாகிடுது. அப்புறம் எந்த மதிப்பீட்டுலயும் அந்த ஃபார்முலா 100 சதவீதத்த தாண்டாது. வில்ட்ஷர் தாண்டுனாரு, தன்கிட்ட இருந்தத விட அதிகமா.

அதோட காலை விலை 12/1ங்கறதும் வேதவாக்கு இல்ல. போன வருஷம் இதே டிராக்ல, இதே ரேஸ ஜெயிச்ச குதிரை, மேல உச்ச ஃபார்ம்ல ஒரு ஜாக்கி, கத்துற கூட்டம், முன்னாடி போய் ரேஸ தன் வேகத்துக்கு ஓட்டலாம்னு ஒரு தைரியம். என்னை கேட்டா 7/1, 8/1 நியாயமா இருந்திருக்கும். அப்பவும் 2/1ல பெட்டு வாங்குறது புக்கிக்கு நல்ல வியாபாரம்தான்.

ஓட்டம்

டெட்டோரி ஆரம்பத்துலயே குதிரைய முன்னாடி கொண்டு போயிட்டாரு. ரெண்டு மைலும் முன்னாடியே. ஸ்ட்ரெய்ட்டுக்கு வந்தப்ப குதிரைக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சு, பின்னாடி இருந்து பேட் எட்டரி நார்தன் ஃப்ளீட்ட விரட்டிக்கிட்டு வர்றாரு, எட்டரி பதினோரு தடவை சாம்பியன் ஜாக்கி, துரத்துறதுல அவர விட பயங்கரமான ஆள் கெடைக்க மாட்டாங்க. ஒவ்வொரு எட்டுலயும் இடைவெளி குறையுது. இன்னும் ஒரு அம்பது கெஜம் இருந்திருந்தா பிடிச்சிருப்பாருன்னு வீடியோ பாத்தா யாருக்கும் தோணும். கழுத்தளவு வித்தியாசத்துல ஃபுஜியாமா க்ரெஸ்ட் ஜெயிச்சது.

அந்த கழுத்தளவுல வில்ட்ஷர் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல தோத்தாரு. வீட்ட வித்தாரு, மத்ததையும் வித்தாரு, வருஷக்கணக்குல உழைச்சு கடன பைசா பாக்கி இல்லாம அடைச்சாரு. புக்கி தொழில்ல பேரு போயிட்டா திரும்ப நிக்க இடம் கெடையாது, அவர் அடைச்சதனாலதான் பிறகும் ரிங்குல மரியாதையோட நின்னாரு. எனக்கு இந்த மொத்த கதையிலயும் அதிகமா பிடிச்ச ஆளு அவர்தான், டெட்டோரிகூட அதுக்கு அப்புறம்தான்.

மொத்த புக்கி தொழிலுக்கும் 3 கோடி பவுண்டுக்கு மேல நஷ்டம்னு அப்ப மதிப்பிட்டாங்க. எஸ்பி எறங்காம இருந்திருந்தா அது எங்க போய் நின்னிருக்கும்னு மேல போட்ட கணக்க வச்சு நீங்களே பாத்துக்கலாம்.

மோர்கம் ஊர் தச்சரோட ஸ்லிப்பு

ஜெயிச்சவங்கள்ல எல்லாரும் சொல்றது மோர்கம்ங்கற கடலோர ஊர்ல தச்சு வேலை பாத்துட்டிருந்த ஒருத்தர பத்தி. 67 பவுண்டு 58 பென்ஸ் போட்டு 5,50,823 பவுண்டு வாங்குனாரு. இந்த 67.58ங்கற விசித்திரமான தொகைய கொஞ்சம் பிரிச்சு பாருங்க. அந்த காலத்துல ஷாப்ல போடுற பெட்டுக்கு 9 சதவீதம் வரி, முன்னாடியே கட்டிட்டா ஜெயிச்ச பணத்துல பிடிக்க மாட்டாங்க (2001ல அந்த வரிய தூக்கிட்டாங்க). 62 பவுண்டுக்கு 9 சதவீதம் சேத்தா சரியா 67.58. அந்த 62ல 60 பவுண்டு சூப்பர் ஹைன்ஸ், 50 பென்ஸ் வீதம் 120 பெட்டு: ஏழு குதிரைல போடக்கூடிய எல்லா டபுள் (ரெண்டு குதிரை சேர்ந்தது), டிரெபுள்ல (மூணு சேர்ந்தது) இருந்து ஏழும் சேர்ந்தது வரைக்கும், 21, 35, 35, 21, 7, 1னு கூட்டுனா 120 வரும். மிச்ச 2 பவுண்டு, ஒரு பவுண்டு ஈச்வே அக்குமுலேட்டர், அதாவது ஜெயிக்கிறதுக்கு ஒரு பவுண்டு, முதல் சில இடத்துக்குள்ள வர்றதுக்கு ஒரு பவுண்டு.

இந்த ஸ்லிப்ப எஸ்பில செட்டில் பண்ணா எவ்ளோ வரும்னு போட்டு பாத்தா, சூப்பர் ஹைன்ஸுக்கு 65,500 பவுண்டு, அக்குமுலேட்டருக்கு 25,096, எல்லாம் சேத்து 90 ஆயிரத்து சொச்சம்தான். அஞ்சரை லட்சம் எங்க, 90 ஆயிரம் எங்க. அப்ப அவர் எஸ்பிக்கு விடல, காலை விலைய ஸ்லிப்புல எழுதி வாங்கியிருக்காருன்னு அர்த்தம். மத்தியானம் ஆஸ்காட் ரிங்குல கம்பெனிங்க எவ்ளோ பணம் கொட்டி விலைய நசுக்குனாலும் அவர் ஸ்லிப்ப தொட முடியல. ஏழு குதிரைய தேர்ந்தெடுத்தது அதிர்ஷ்டம், அத வேற பல பேரும் செஞ்சாங்க. கவுண்டர்ல ஒரு நொடி நின்னு விலைய கேட்டு வாங்குனதுதான் அவருக்கு ஆறு மடங்கு பணம்.

இதுல இருந்து தெரியுற இன்னொரு விஷயம், ஏழு எஸ்பியையும் பெருக்குனா வர்ற 25,095/1ங்கற அந்த புகழ் பெற்ற நம்பர், நடந்த சம்பவம் எவ்ளோ அபூர்வம்னு சொல்லவே இல்ல. ஏழாவது குதிரையோட 2/1 பயத்துல வந்த விலை, ஆறாவதோட 5/4லயும் ஃபேட்ஃபுல்லியோட 7/4லயும் கூட அந்த பயம் கொஞ்சம் கலந்திருக்கு. அந்த பெருக்கல்ல பாதி குதிரைங்களோட வாய்ப்பு, பாதி கம்பெனிங்களோட கடன் பாக்கி. இதுவே மொத்த பணமும் டோட் மாதிரி ஒரே குடத்துல விழுந்து ஜெயிச்சவங்க பங்கு போட்டுக்கிற முறையா இருந்திருந்தா இந்த டிராமாவே கெடையாது, டிவிடெண்ட் தானா எறங்கியிருக்கும், நடத்துறவனுக்கு கமிஷன் போக ஒரு காசு நஷ்டம் இல்ல, வில்ட்ஷரும் வீட்ட வித்திருக்க மாட்டாரு.

2019ல திரும்பவும்

23 வருஷம் கழிச்சு, 2019 ராயல் ஆஸ்காட், வியாழக்கிழமை. அதே டெட்டோரி, 48 வயசு. ஆஅலி, சங்காரியஸ், ஸ்டார் கேட்ச்சர், கோல்டு கப்புல ஸ்ட்ராடிவேரியஸ், வரிசையா முதல் நாலும் அவர். அஞ்சாவது பிரிட்டானியா ஹேண்டிகேப்புல டர்கினெவ்னு ஒரு குதிரை, கூட்டமான ஃபீல்டு, சாதாரணமா இந்த மாதிரி ரேஸ்ல எவனும் ஃபேவரிட்ட நம்ப மாட்டான், ஆனா விலை எறங்குது எறங்குது, ஃபேவரிட்டாவே கிளம்புச்சு. 1996ல இருந்த அதே உருளுற பணம், அதே பயம். கம்பெனிங்க இந்த தடவை அத எதிர்பாத்து ரெடியா இருந்தாங்க, பெட்டு போடுறவங்களே ஆன்லைன்ல ஒருத்தருக்கொருத்தர் பெட்டு குடுத்து வாங்கிக்கிற பெட்ஃபேர் மாதிரி எக்ஸ்சேஞ்சும் வந்துட்டதால ரிஸ்க்க தள்ளி விட ரிங்குல நிக்கிற ஒரு வில்ட்ஷர தேட வேண்டியதில்ல. டர்கினெவ் ஸ்டாண்ட்ஸ் பக்க ரெயில் ஓரமா முன்னாடி வந்துச்சு, கடைசி ஃபர்லாங் வரைக்கும் ஜெயிக்கும் போலதான் இருந்துச்சு, கடைசில பயோமெட்ரிக் வந்து தாண்டிடுச்சு. ரெண்டாவது இடம்.

அடுத்த வருஷம், 2020ல, கொரோனாவுக்கு அப்புறம் ஆளில்லாத கிரவுண்ட்ல ரேஸ் திரும்ப ஆரம்பிச்சப்ப ரிங்குல புக்கியே கெடையாது, அதனால எஸ்பிய கம்பெனிங்களோட வெளி விலைகள வச்சே கணக்கு போட ஆரம்பிச்சாங்க, கூட்டம் திரும்பி வந்த பிறகும் அதுதான் தொடருது. இப்ப எஸ்பிய எறக்கணும்னா ஆஸ்காட்டுக்கு ஆள் அனுப்பி கட்டு கட்டா காசு இறக்க வேண்டிய அவசியமே இல்ல, அந்த விலை அவங்க ஸ்கிரீன்லயே இருக்கு.